பிளாஸ்க் நிறையும் ஓசை

எங்கள் தெருமுனை டீக்கடையில் சாயங்காலம் நாலரை மணிக்கு ஒரு காட்சி தவறாமல் நடக்கும். பக்கத்து அலுவலகத்துப் பையன் ஒருவன் உயரமான எவர்சில்வர் பிளாஸ்கோடு வருவான். மாஸ்டர் அதை வாங்கி மேடைமேல் நிறுத்தி டீயை ஊற்றுவார். ஊற்றும்போது பிளாஸ்கைப் பார்ப்பதே இல்லை. கண் கல்லாப் பெட்டியில் இருக்கும். வாய் யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருக்கும். டீ கழுத்துவரை வந்ததும் கை தானாக நின்றுவிடும். ஒரு சொட்டு வழியாது.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "பாக்காமலே எப்படிண்ணே நிறுத்துறீங்க?"

"சத்தம் சொல்லிரும்ல சார். அடியில ஊத்தறப்ப தடியா கேக்கும். மேல வர வர மெலிசா ஏறும். நல்லா ஏறிருச்சுன்னா நிறுத்திர வேண்டியதுதான்."

தெருக்குழாயடியில் குடம் பிடித்த எல்லோருக்கும் இது தெரியும். நிரம்பப் போகிறதென்று குடமே சொல்லிவிடும். ஏன் அந்தச் சத்தம் ஏறுகிறது? இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் புல்லாங்குழல், நாகஸ்வரம் வழியாக நம் வாய்க்குள்ளேயே வந்து சேரலாம். ஒரு டீ போதாது. இன்னொன்று சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. காலியான உயர டம்ளர் ஒன்றை எடுத்து, அதன் வாயைக் காதருகே கொண்டு போங்கள். காதை மூடிவிடாமல் கொஞ்சம் இடம் விடுங்கள். 'ஊ' என்று ஓர் இரைச்சல் கேட்கிறதல்லவா? சங்கைக் காதில் வைத்துக் கடல் கேட்கிறது என்று சின்ன வயதில் சொன்னோமே, அதே இரைச்சல்தான். டம்ளர் எந்தச் சத்தமும் போடவில்லை. பேருந்து உறுமல், பாத்திரச் சத்தம், பேச்சு, மின்விசிறி என்று கடையைச் சுற்றி நூறு ஒலிகள் கலந்து கிடக்கின்றன. அவற்றில் தனக்குப் பொருந்திய சுருதியை மட்டும் டம்ளருக்குள் இருக்கும் காற்று எடுத்து வளர்த்துத் தருகிறது. அரவமே இல்லாத அறையில் இதே டம்ளரை வைத்தால் இந்த இரைச்சல் அடங்கிவிடும்.

குழாயின் இயல்பே இதுதான். அது ஒலியைப் படைப்பதில்லை. வந்த ஒலிகளில் சிலவற்றைத் தேர்ந்து வளர்க்கிறது. இதைத்தான் பள்ளிப் பாடத்தில் ஒத்ததிர்வு என்று படித்தோம். பிளாஸ்கிலும் டீ விழும் சலசலப்பில் எல்லாச் சுருதியும் கலந்திருக்கிறது. மேலே மிச்சமிருக்கும் காற்று அதில் ஒன்றைப் பொறுக்கிக் கொடுக்கிறது.

எப்படிப் பொறுக்குகிறது?

ஊஞ்சலில் குழந்தையை உட்காரவைத்து ஆட்டியிருப்பீர்கள். பலமாகத் தள்ளவே வேண்டாம். ஊஞ்சல் திரும்பி வந்து, மறுபடி கிளம்பும் நொடியில் ஒரு விரலால் தொட்டால்கூடப் போதும். நான்கு முறை, ஐந்து முறை அப்படித் தொட்டால் ஊஞ்சல் உயரே போய்விடும். நேரம் தவறித் தள்ளினால், வருகிற ஊஞ்சலையே நம் கை தடுத்து நிறுத்தும். குழாய்க்குள்ளும் நடப்பது இதுதான். உள்ளே போன அலை திரும்பி வரும் நேரமும் அடுத்த தள்ளல் வரும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால் ஒலி வளரும். போகாவிட்டால் ஒன்றை ஒன்று அழித்துவிடும்.

ஆகவே, அலை எப்படிப் போய்த் திரும்புகிறது என்று பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காற்றில் போகும் ஒலி என்பது நெருக்கமும் நெகிழ்வும் மாறி மாறி நகர்வது. காற்று ஓரிடத்தில் சற்றே நெருங்கும். அந்த நெருக்கம் அடுத்த அடுக்கைத் தள்ளும். பின்னாலேயே நெகிழ்வு வரும். காற்று இருந்த இடத்திலேயே முன்னும் பின்னும் ஆடுகிறது. நெருக்கம்தான் பயணம் போகிறது.

பிளாஸ்கின் அடி, அதாவது டீயின் மேற்பரப்பு, மூடிய முனை. திருவிழா நாளில் கோயிலில் தரிசன வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் கம்பித் தடுப்பு, முன்னால் கதவு சாத்தியிருக்கிறது. பின்னாலிருந்து யாரோ நெருக்குகிறார்கள். அந்த நெருக்கல் ஆள்மேல் ஆளாக முன்னே போகிறது. கதவை ஒட்டி நிற்பவர் முன்னே போக இடமில்லை. அவர் முதுகால் திருப்பித் தள்ளுவார். நெருக்கல் நெருக்கலாகவே பின்னுக்கு வரும். மூடிய முனையில் அலைக்கும் அதுதான்: நெருக்கம் போனால் நெருக்கமாகவே திரும்பும்.

இனி பிளாஸ்கின் வாய்க்கு வருவோம். இங்கேதான் பலருக்கும் மனம் இடறும். வாய் திறந்திருக்கிறது, தடுப்பு எதுவும் இல்லை; அலை நேராக வெளியே போய்விட வேண்டியதுதானே? திறந்த வெளியில் எதில் மோதி அது திரும்பும்?

மறுபடி வரிசைக்குப் போவோம். பட்டென்று கதவைத் திறக்கிறார்கள். நெருக்குண்டிருந்த முதல் ஆள் தடுமாறி ஓர் அடி அதிகமாகவே முன்னே போய்விடுகிறார். அவருக்குப் பின்னால் ஓர் இடைவெளி. இரண்டாமவர் அதை நிரப்ப, இடைவெளி அவருக்குப் பின்னால் போகிறது. பிறகு மூன்றாமவர், நான்காமவர். ஆட்கள் முன்னே நகர, இடைவெளி மட்டும் வரிசையின் வால்வரை பின்னோக்கி ஓடுகிறது. கதவு திறந்திருந்தும் ஒரு சேதி திரும்பி வந்துவிட்டது. போனது நெருக்கம், வந்தது நெகிழ்வு.

குழாயின் வாயிலும் அப்படியே. உள்ளே இருந்தவரை காற்றைச் சுவர் கட்டிப் பிடித்திருந்தது. வாய்க்கு வந்ததும் சுவர் முடிந்துவிடுகிறது. வெளிக்காற்று எல்லாப் பக்கமும் விலகி இடம் விடுகிறது. நெருங்கி வந்த காற்று சற்று அதிகமாகவே வெளியே பாய்ந்துவிட, அதன் பின்னால் நெகிழ்வு உண்டாகி உள்நோக்கிக் கிளம்புகிறது. நெகிழ்வு வந்து சேர்ந்தாலோ வெளிக்காற்று உள்ளே பாயும். அது நெருக்கமாகித் திரும்பும். திறந்த வாய் அலையைத் திருப்பும்போது அதைப் புரட்டியும் விடுகிறது. இதில் கொஞ்சம் வெளியே கசிகிறது. நம் காதுக்கு வருவது அந்தக் கசிவுதான்.

இந்த இரண்டு விதிகளும் கையில் இருந்தால் மற்றது விரல்விட்டு எண்ணும் கணக்கு.

பிளாஸ்கின் வாயில் ஒரு நெருக்கம் புறப்படுகிறது என்று வையுங்கள். அடிக்குப் போகிறது, நெருக்கமாகவே மேலே வருகிறது. வாயில் புரண்டு நெகிழ்வாகிறது. மறுபடி அடிக்குப் போய் நெகிழ்வாகவே வருகிறது. வாயில் இன்னொருமுறை புரண்டு, இப்போதுதான் பழைய நெருக்கமாகிறது. புறப்பட்ட கோலத்துக்கு வந்து சேர நான்கு நீளம் நடந்தாக வேண்டும். ஒருமுனை மூடிய குழாய்க்குப் பிடித்த அலையின் நீளம் குழாயைப்போல் நான்கு மடங்காக இருப்பதற்குக் காரணம் இந்த நான்கு நடைதான். பாடப்புத்தகத்தில் கால் அலைநீளம் என்று மனப்பாடம் செய்தது இதையே.

கணக்கைப் பிளாஸ்கில் போட்டுப் பார்ப்போம். நேரான சுவர், உள்ளே 24 செ.மீ. ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். 30 டிகிரி செல்சியஸ் காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் போகும். நான்கு நீளம் என்றால் 96 செ.மீ. காலி பிளாஸ்க் தேர்ந்தெடுக்கும் சுருதி நொடிக்கு ஏறத்தாழ 363 அதிர்வு. பாதி நிரம்பியதும் காற்று 12 செ.மீ.தான், சுருதி இருமடங்காகிறது, அதாவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே. முக்கால் நிரம்பினால் காற்று 6 செ.மீ.; இன்னொரு ஸ்தாயி மேலே, சுமார் 1,450. முதல் ஸ்தாயி ஏறப் பாதி பிளாஸ்க் டீ வேண்டியிருந்தது, அடுத்ததற்குக் கால் பிளாஸ்க் போதும், அதற்கடுத்ததற்கு அரைக்கால். நிரம்ப நிரம்பச் சுருதி விறுவிறுவென்று ஏறுவது இதனால்தான். மாஸ்டரின் காது பிடித்து வைத்திருப்பது இந்தக் கடைசி வேகத்தை.

பதினோராம் வகுப்பு ஆய்வகத்தில் இதையே வேறு பெயரில் செய்தோம். சுவரோரம் ஆளுயர ஸ்டாண்டில் நீண்ட குழாய். ரப்பர் குழாயால் அதோடு இணைத்த தண்ணீர்ப் பாத்திரம். பாத்திரத்தை இறக்கினால் குழாயில் தண்ணீர் இறங்கும். 512 என்று பொறித்த இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டி, குழாயின் வாய்க்குமேல் பிடிக்க வேண்டும். தட்டிய கவையின் முனகல் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. தண்ணீரை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே வருவோம். ஓரிடத்தில், ஒரு விரல்கடை அளவுக்குள், குழாய் முழுவதும் வாய்விட்டுப் பாடும். இன்னும் சற்று இறக்கினால் அடங்கிவிடும். முதன்முதலில் அந்தச் சத்தம் எழுந்தபோது நானும் கூட நின்றவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கவையின் மெல்லிய முனகலுக்குக் குழாய் பதில் சொன்னது. அந்த நிமிஷம் இன்னும் எனக்குப் பழசாகவில்லை.

3 செ.மீ. உள்விட்டமுள்ள குழாயில், 30 டிகிரியில், முதல் முழக்கம் ஏறத்தாழ 16.1 செ.மீ.யில் கேட்கும், அடுத்தது 50.2-ல். கால் அலை என்றால் 17-க்குமேல் அல்லவா வர வேண்டும்? ஒரு செ.மீ. எங்கே போனது? வாயருகே காற்று விளிம்போடு நின்றுவிடுவதில்லை. வெளியே கொஞ்ச தூரம்வரை சேர்ந்தே ஆடுகிறது. அதனால் குழாய் தன் உண்மை நீளத்தைவிட, ஆரத்தில் சுமார் 0.6 பங்கு கூடுதலாக இருப்பதுபோல் நடந்துகொள்ளும். இதுதான் முனைத் திருத்தம். இரண்டு அளவுகளையும் கழித்துவிட்டால் திருத்தமும் கழிந்துபோகும். மிஞ்சும் 34.1 செ.மீ. அரை அலைநீளம். அதை இரட்டித்து 512-ஆல் பெருக்கினால் காற்றில் ஒலியின் வேகம் கையில் வந்துவிடும்: நொடிக்கு 349 மீட்டர். ஒரு கவை, ஓர் அளவுகோல், ஒரு குழாய்த் தண்ணீர். இவ்வளவுதான் கருவி.

குழாய்க்குள் நடப்பதைக் கண்ணாலும் பார்க்கலாம். ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் குண்ட் 1866-ல் அதைச் செய்துகாட்டினார். படுக்கவைத்த கண்ணாடிக் குழாயில் மெல்லிய பொடியைத் தூவி, ஒரு முனையில் ஒலி எழுப்பினார். சுருதி பொருந்தியதும் பொடி எழுந்து ஆடி, சம இடைவெளியில் சிறுசிறு குவியல்களாக ஒதுங்கியது. போகிற அலையும் வருகிற அலையும் கலக்கும்போது சில இடங்களில் காற்று ஆடாமல் நின்றுவிடும். அவை கணுக்கள். பொடி அங்கேதான் அடைக்கலம் தேடும். இரண்டு குவியலுக்கு இடைப்பட்ட தூரம் அரை அலைநீளம். கரும்புக்கும் மூங்கிலுக்கும் சொன்ன 'கணு' என்ற சொல்லை இதற்கு எடுத்துக்கொண்டவர் யாரோ, அந்தக் குழாயைக் கண்முன் வைத்துப் பார்த்தவராகவே இருக்க வேண்டும்.

மூங்கில் என்றதும் புல்லாங்குழலுக்கு வந்துவிட்டோம். அதன் ஊதும் துளையும் திறந்த வாய்தான். விரல் எடுத்த துளையும் திறந்த வாய்தான். இரண்டு முனையிலும் அலை புரள்கிறது. போகையில் ஒரு புரட்டல், வருகையில் ஒரு புரட்டல். இரண்டே நீளத்தில் பழைய கோலத்துக்கு வந்துவிடுகிறது. அதே நீளமுள்ள ஒருமுனை மூடிய குழாயைவிட ஒரு ஸ்தாயி மேலே பாடுகிறது. ஒவ்வொரு விரலாக எடுக்கும்போது குழலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குட்டையாக்குகிறோம்; மாஸ்டர் டீ ஊற்றிச் செய்ததை விரல் செய்கிறது.

கிளாரினெட் வேறு வகை. அதுவும் நேர்க்குழாய்தான், ஆனால் உதடு கவ்வும் பக்கம் ரீட் இருப்பதால் அந்த முனை மூடியதுபோல் நடந்துகொள்கிறது. மேற்கத்திய புல்லாங்குழலும் சாதாரண கிளாரினெட்டும் பார்க்க ஏறத்தாழ ஒரே நீளம், இரண்டடிக்குச் சற்று மேல். ஆனால் குழலின் அடிச்சுருதி சுமார் 262 அதிர்வு. கிளாரினெட் 147 வரை இறங்கிவிடும். காரணம் நான்கு நடைக்கும் இரண்டு நடைக்கும் உள்ள வித்தியாசம்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. விரலை அசைக்காமல் புல்லாங்குழலில் மூச்சைக் கூர்மையாக்கினால் சட்ஜம் மேல் ஸ்தாயி சட்ஜத்துக்குத் தாவும். கிளாரினெட்டில் அப்படித் தாவினால் மேல் சட்ஜம் வராது. அதையும் தாண்டி மேல் ஸ்தாயி பஞ்சமத்தில் போய் நிற்கும். ஏன் இரண்டு மடங்கு வராமல் மூன்று மடங்கு? ஊஞ்சலுக்குத் திரும்புவோம். மூடிய குழாயில் ஒருமுறை போய் வந்த அலை புரண்டிருக்கிறது. புரண்டது நமக்கு உதவ வேண்டுமென்றால், அது வந்து சேரும் நேரத்தில் நம் தள்ளலும் எதிர்ப்பக்கத்தில் இருக்க வேண்டும். அதாவது அந்த நேரத்துக்குள் அரை அதிர்வோ, ஒன்றரையோ, இரண்டரையோ முடிந்திருக்க வேண்டும். இவை ஒன்று, மூன்று, ஐந்து என்ற விகிதம். இருமடங்குச் சுருதியில் தள்ளினால் முழுசாக ஓர் அதிர்வு முடிந்து, நெருக்கமும் நெகிழ்வும் நேருக்கு நேர் மோதி அழிந்துவிடும். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக இசையைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தபோது, ஸ்தாயிக்கு ஸ்தாயி விரல் மாறும் இந்தக் கருவியில்தான் கமகங்களைப் பிடித்தார். அந்த உழைப்பின் அளவு, குழாயின் கணக்கு தெரிந்தால் இன்னும் நன்றாகப் புரிகிறது.

அப்படியானால் நாகஸ்வரம்? அதிலும் சீவாளி என்ற ரீட் இருக்கிறது. வாய்ப்பக்கம் மூடிய கணக்குத்தான். ஆனால் அதே விரல் பிடிப்பில் ஒரு ஸ்தாயி மேலே தாவுகிறது. ரகசியம் உள்வடிவில் இருக்கிறது. சீவாளியில் குறுகித் தொடங்கும் துளை, அடிமுனையில் உள்ள அணசை நோக்கி விரிந்துகொண்டே போகிறது. கூம்புக்குள் அலை விரிந்து பரவுவதும் குறுகித் திரும்புவதும் நேர்க்குழாயில் நடப்பதைப்போல் இல்லை. முடிவில் கணக்குப் பார்த்தால், இரு வாயும் திறந்த அதே நீளக் குழாயின் சுருதி வரிசைதான் கிடைக்கிறது: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விடாமல். அத்தனை மேற்சுரங்களும் சேர்ந்து ஒலிப்பதால்தான், ஊர்வலம் அடுத்த தெருவில் வரும்போதே அது நம் வாசலுக்கு வந்துவிடுகிறது.

கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் நாகஸ்வரம் கடைகிறார்கள். 2022-ல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளின் தூணையும் உத்தரத்தையும் தேடி வாங்கி, பல காலம் ஈரம் வற்றிய அந்த மரத்தைக் கடைகிறார்கள். கடைசலில் மரம் சுழலச் சுழல அவர்கள் உண்மையில் வடிப்பது மரத்தை அல்ல, உள்ளே நிற்கப்போகும் காற்றை. அந்தக் காற்றின் வடிவம் ஓரிடத்தில் பிசகினாலும் சுரம் பிசகும்.

வடிவம் மட்டுமல்ல, காற்றின் சூடும் சுருதியை மாற்றும். காற்று சூடானால் ஒலியின் வேகம் கூடும், ஒரு டிகிரிக்கு நொடிக்கு 0.6 மீட்டர். பத்து டிகிரி ஏறினால் சுருதி நூற்றுக்கு இரண்டுக்குக் கொஞ்சம் குறைவாக ஏறும். கச்சேரிக்கு முன் வித்வான் குழலைக் கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கிவிட்டுச் சுருதி சேர்ப்பது இதனால்தான்.

கடைசியாக, நம் எல்லோரிடமும் இருக்கும் குழாய்க்கு வருகிறேன். காதின் துளை சுமார் 2.5 செ.மீ. நீளம், அடியில் செவிப்பறை மூடியிருக்கிறது. கணக்குப் போடுங்கள்: நொடிக்கு 3,500-ஐ ஒட்டிய அதிர்வுகளை அது வளர்த்துக் கொடுக்கும். நம் செவி மிகக் கூர்மையாகக் கேட்பதும் ஏறத்தாழ அந்த இடத்தில்தான்.

தொண்டையிலிருந்து உதடுவரை இன்னொரு குழாய், வளர்ந்த ஆணுக்குச் சுமார் 17 செ.மீ. குரல்வளைப் பக்கம் மூடியது, உதட்டுப் பக்கம் திறந்தது. நாக்கையும் உதட்டையும் இயல்பாக விட்டால் அது ஏறத்தாழ 500, 1,500, 2,500 அதிர்வுகளைத் தேர்ந்தெடுக்கும். அதே ஒன்று, மூன்று, ஐந்து. நாக்கை முன்னே உயர்த்தினால், தாடையை இறக்கினால், உதட்டைக் குவித்தால் குழாயின் வடிவம் மாறும், தேர்வும் மாறும். அந்தத் தேர்வுகளுக்கு நாம் வைத்த பெயர்தான் உயிரெழுத்து. வாயைத் திறப்பதால் பிறப்பவை, உதடு குவிவதால் பிறப்பவை என்று தொல்காப்பியத்தின் பிறப்பியல் உயிர்களை வகைப்படுத்தியிருக்கிறது. அதாவது குழாயின் வடிவத்தை வைத்து.

இப்போது குரலை எழுப்பாமல், வெறும் மூச்சில், கிசுகிசுப்பாக ஈ, ஆ, ஊ என்று சொல்லிப் பாருங்கள். குரல்நாண் அதிரவில்லை, சுருதி என்று ஒன்றுமே கிடையாது, வெறும் காற்றின் உரசல். ஆனாலும் எந்த எழுத்து எது என்று பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிகிறது. கவனித்துக் கேட்டால் ஈ மேலேயும், ஆ அதற்குக் கீழேயும், ஊ இன்னும் கீழேயும் இறங்குவதும் கேட்கும். அந்த உரசலில் எல்லாச் சுருதியும் கலந்திருந்தது. உங்கள் வாய் ஒவ்வொரு முறையும் வேறொன்றைப் பொறுக்கிக் கொடுத்தது.

இரண்டாவது டீயும் முடிந்தது. அந்தப் பையன் பிளாஸ்கை மூடி எடுத்துக்கொண்டு கிளம்புகிறான். "நாளைக்கும் இதே நேரந்தானே தம்பி?" என்று மாஸ்டர் கேட்கிறார். கேட்ட வாயும் ஒரு குழாய், கேட்கும் காதும் ஒரு குழாய். நடுவே மேடைமேல் அடுத்த பிளாஸ்க் வந்து நிற்கிறது. மாஸ்டர் வேறெங்கோ பார்த்துக்கொண்டே ஊற்றத் தொடங்குகிறார்.